ஏழரை ஆண்டு வேலை, ஏட்டில் மூன்றரை ஆண்டு: ஜவுளிக்கடைப் பணியாளருக்குச் சட்டத்தில் என்ன வழி?

கேள்வி – வில்லிவாக்கம் வாசி

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் பொருட்டு இந்தக் கேள்வியை எழுதுகிறேன். அவருக்கு வயது 41. தியாகராய நகரில் உள்ள ஒரு பெரிய ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் 2018 ஜூன் மாதத்திலிருந்து விற்பனைப் பணியாளராக இருந்தார். கடையின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 13,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம், படி என்ற பிரிவு எதுவும் இல்லாமல் மொத்தமாக ஒரே தொகையாகத்தான் கொடுத்தார்கள். முதல் நான்கு ஆண்டுகள் சம்பளம் உறையில் பணமாக வந்தது. 2022 ஜூலையிலிருந்து வங்கிக் கணக்கில் வந்தது.

காலை ஒன்பதரை மணிக்குள் கடைக்குள் இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல்தான் வெளியே வர முடியும். ஆடித் தள்ளுபடியின்போதும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வீடு திரும்ப நள்ளிரவாகிவிடும். மதியம் சாப்பிட அரை மணி நேரம், மாலையில் தேநீருக்குச் சில நிமிடங்கள், மற்ற நேரமெல்லாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இதற்கு மிகைநேரச் சம்பளம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. இருப்புக் கணக்கில் துணி குறைந்தால் அந்தப் பிரிவில் இருக்கும் எல்லாரிடமும் சமமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

காலில் நரம்பு புடைத்து வலி அதிகமானதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) மருந்தகத்தில் காட்டினோம். நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைத் தள மேலாளரிடம் கொடுத்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் மட்டும் வேண்டும் என்று அக்கா கேட்டார். ஒரு வாரத்துக்குள், "நாளையிலிருந்து வர வேண்டாம், கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது நடந்தது 2026 பிப்ரவரி நடுவில். இரண்டு வாரம் ஆகிறது. எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

கணக்குப் பிரிவில் கிராஜுவிட்டி (ஐந்து ஆண்டாவது வேலை செய்தவர் விலகும்போது தர வேண்டிய பணிக்கொடை) பற்றிக் கேட்டபோது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் சேர்ந்த தேதி 2022 ஜூலை என்றுதான் இருக்கிறது, ஐந்து ஆண்டு ஆகவில்லை, ஆகவே எதுவும் கிடையாது என்கிறார்கள். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்கு எங்களிடம் நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. இந்த நிலையில் சட்டப்படி என்ன கேட்க முடியும், யாரிடம் போக வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.


பதில் – ஓய்வுபெற்ற ஆய்வாளர்

தொழிலாளர் துறையில் கடைகள் ஆய்வுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அக்காவின் பிரச்சினையில் ஏறத்தாழ எல்லா இடத்திலும் சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஸ்டூல் விவகாரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல், 2021ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர்கள் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு வரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும், நாள் முழுவதும் காலிலேயே நிற்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். கேரளம் இதே போன்ற திருத்தத்தை 2018இல் கொண்டுவந்தது. ஆகவே உங்கள் அக்கா கேட்டது சலுகை அன்று. மருத்துவர் சீட்டே இல்லாவிட்டாலும் கேட்டிருக்கலாம்.

ஆனால் இந்தப் பிரிவு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி தரைத்தளத்தை எட்டியதும், மேல்மாடிக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டிரண்டாக இறங்கிவிடும். அவற்றின் மீது ஒட்டியிருக்கும் விலைச்சீட்டுகூடச் சில இடங்களில் கிழிக்கப்பட்டிருக்காது. ஆய்வாளர் போனதும் அவை வந்த வழியே ஏறிவிடும். அங்கே நிற்கும் பெண்களிடம் கேட்டால், மேலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வசதி இருக்கிறது ஐயா" என்பார்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, அந்தச் சட்டத்தின்படி கடையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான். மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். நீங்கள் சொல்லும் அரை மணி நேரச் சாப்பாடு அதற்கே போதாது. கடைகளை இரவு பகலாகத் திறந்து வைக்க 2019இலிருந்து அரசாணை மூலம் அனுமதி இருக்கிறது. ஆனால் அந்த அனுமதியும் இதே நேர வரம்புகளுக்கு உட்பட்டதுதான். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ள அவர்களின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்பதும், சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். உரிமையாளர்கள் அரசாணையின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே ஒரு செய்தியை நினைவுபடுத்தத் தோன்றுகிறது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது மாநிலம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். தியாகராய நகர்க் கடைகளிலோ எந்தத் திருத்தமும் இல்லாமலேயே 12 மணி நேரம் நடந்துகொண்டிருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பணிநீக்கத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. தவறான நடத்தை என்று சொல்வதானால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். இதற்குத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், அக்கா 2018இல் சேர்ந்தார் என்பதை மெய்ப்பிப்பதில்தான். இந்த விவகாரத்தில் பாதிச் சண்டை அதுதான்.


பதில் – பழைய கவுண்டர்க்காரி

அதே பகுதியில் வேறு ஒரு கடையில் பல ஆண்டுகள் பட்டுப் பிரிவில் நின்றவள் நான். இப்போது வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறேன். சட்டம் பற்றி எனக்கு முன்னால் எழுதிய ஐயாவுக்குத்தான் தெரியும். கடைக்குள் எந்தக் காகிதம் எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் அக்காவிடம் எந்தக் காகிதமும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெரிய கடைகளில் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பொருளின் பெயர், விலை இவற்றோடு ஓர் ஓரத்தில் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். அது விற்பனை செய்தவரின் எண். மாத இறுதியில் யார் எவ்வளவு விற்றார்கள் என்று கணக்குப் பார்த்து ஊக்கத்தொகை கொடுப்பதற்காகவும், விற்காதவர்களைத் திட்டுவதற்காகவும் அந்த எண்ணைப் போடுகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணம், வளைகாப்பு என்று வந்தால் உறவினர்கள் நம்மிடம்தானே வந்து எடுப்பார்கள்? 2018க்கும் 2022க்கும் இடையில் உங்கள் குடும்பத்தில் யாராவது அக்காவிடம் புடவை எடுத்திருந்தால் அந்தப் பில்லைத் தேடுங்கள். புடவைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு.

அடுத்து, ஆயுதபூஜை அன்று எடுக்கும் படங்கள். பிரிவு வாரியாகச் சீருடையோடு நின்று எடுப்பார்கள். பின்னால் பொரி, சாத்துக்குடி, மாலை போட்ட பில் இயந்திரம் எல்லாம் தெரியும். கைபேசியில் எடுத்த படத்தில் தேதி பதிவாகியிருக்கும். தீபாவளி போனஸ் கொடுக்கும்போது பெயர் எழுதிய உறை, சீருடைத் துணி கொடுத்ததற்கான சீட்டு, விடுமுறை மாற்றிக்கொண்டதைப் பற்றிச் சூப்பர்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பிரிவுக் குழுவில் வந்த வேலை அட்டவணை, எல்லாமே சான்றுதான். அக்கா கடையை விட்டு வந்ததும் குழுவிலிருந்து நீக்கியிருப்பார்கள். பழைய செய்திகள் கைபேசியில் இருந்தால் அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொல்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவர்களில் பெரும்பாலானோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடையின் விடுதியிலேயே தங்கியிருப்பவர்கள். வேலை போனால் அன்று மாலையே படுக்க இடமும் போய்விடும். அவர்களை வற்புறுத்துவது பாவம். கடையை விட்டு ஏற்கெனவே விலகிப்போன ஒருவரைத் தேடுங்கள். ஊரில் கல்யாணமாகிப் போயிருக்கும் பெண் யாராவது இருந்தால், அவர் பயப்பட எதுவும் இல்லை.

ஸ்டூல் கேட்டதற்காக வேலையை விட்டு அனுப்பினார்கள் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அலமாரியில் முதுகைச் சாய்த்தாலே கேமராவில் பார்த்துவிட்டு மேலிருந்து இன்டர்காமில் அழைப்பு வரும். கழிப்பறை ஐந்தாவது மாடியில் இருக்கும். போய்வர நேரமாகும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கால் நரம்பு நோய் அந்தத் தெருவில் பலருக்கும் இருக்கிறது. வலியோடேயே நிற்கிறார்கள், கேட்பதில்லை.


பதில் – புரசை வணிகர்

புரசைவாக்கத்தில் சிறிய ஆயத்த ஆடைக் கடை நடத்துகிறேன். பணியாளர்கள் ஆறு பேர். இந்த விவாதத்தில் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே தராசில் வைக்கப்படுகிறார்கள் என்பதால் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

உட்காருவதைப் பற்றி: வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போது பணியாளர் உட்கார்ந்திருந்தால், "கவனிக்க ஆள் இல்லை" என்று திரும்பிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது முதலாளியின் கொடுமை மட்டும் அன்று. வாங்க வருபவர்களின் எதிர்பார்ப்பும் இதில் இருக்கிறது. இரண்டு கவுண்டர்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்ற அளவில் இடம் இருக்கும்போது ஸ்டூலை எங்கே போடுவது என்பதும் உண்மையான கேள்வி. நான் சுவரில் மடக்கக்கூடிய பலகை அடித்துக் கொடுத்திருக்கிறேன். செலவு பெரிதாக இல்லை.

பி.எஃப்.புக்குக் குறைந்தது 20 பேர், இ.எஸ்.ஐ.க்கும் கிராஜுவிட்டிக்கும் குறைந்தது 10 பேர் என்ற எல்லைகள் இருப்பதால் என் போன்றவர்கள் அவற்றில் வருவதில்லை. ஆனால் பல மாடிக் கடை ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கூட்டாண்மைப் பெயர், ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் ஆட்கள் என்று காட்டுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வருகைப் பதிவிலும் அப்படித்தான். விரல் வைக்கும் இயந்திரத்தில் ஒரு நேரம் பதிவாகும். ஆய்வுக்குக் காட்டும் பதிவேட்டில் பத்து மணி முதல் ஏழு மணி வரை என்று அழகாக எழுதியிருக்கும். இயந்திரப் பதிவைத் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதிய பதிவேட்டை நம்பி ஏமாறாதீர்கள்.


பதில் – தொழிலாளர் வழக்கறிஞர்

மேலே எழுதியவர்கள் கூறியவை பயனுள்ளவை. காலக்கெடுக்கள் நெருங்குவதால் நான் சட்ட நடைமுறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நாடாளுமன்றம் 2019, 2020 ஆண்டுகளில் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறைந்தபட்சக் கூலி, சம்பளப் பட்டுவாடா, போனஸ், கிராஜுவிட்டி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றுக்கு இருந்த பழைய சட்டங்கள் இவற்றுக்குள் அடங்கிவிட்டன. அலுவலகங்களிலும் நீதிமன்ற வளாகத்திலும் பழைய பெயர்களையே இன்னும் பலர் சொல்வார்கள். அதனால் குழம்ப வேண்டாம். ஓய்வுபெற்ற ஆய்வாளர் குறிப்பிட்ட கடைகள் சட்டம் மாநிலச் சட்டம். அது தனியாகத் தொடர்கிறது.

கிராஜுவிட்டி. பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியும் வேலையில் சேர்ந்த தேதியும் ஒன்றே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பி.எஃப். தேதி என்பது முதலாளி எப்போது பதிவு செய்தார் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் பதிவு செய்யாமல் விட்டது அவருடைய சட்டமீறல். அந்த மீறலையே காட்டி இன்னொரு உரிமையை மறுக்க முற்படுகிறார். 2018 ஜூன் முதல் 2026 பிப்ரவரி வரை ஏழு ஆண்டு எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் எட்டு ஆண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500 ரூபாய். எட்டு ஆண்டுக்கு 60,000 ரூபாய். சம்பளம் பிரிவின்றி ஒரே தொகையாகக் கொடுக்கப்பட்டிருப்பதால் முழுத் தொகையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். இப்போதே கடைக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். 30 நாட்களில் கொடுக்காவிட்டால் கிராஜுவிட்டிக்கான கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு செய்யலாம்; தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

பி.எஃப். பாக்கி. இங்கேதான் தாமதம் மிகவும் ஆபத்தானது. முன்பு இருந்த சட்டத்தில் பழைய பாக்கிக்கான விசாரணையைத் தொடங்கக் காலவரம்பு இருக்கவில்லை. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலோ, தொகை செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று இருக்கிறது. இதன்படி பார்த்தால் 2021 தொடக்கத்துக்கு முந்தைய மாதங்களைப் பற்றிக் கடைத்தரப்பு கட்டாயம் ஆட்சேபம் எழுப்பும். பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது எழுந்த பாக்கி என்று நாம் பதில் சொல்லலாம். ஆனால் மனு கொடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு மாதம் நம் கையை விட்டுப் போகிறது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இதில் பணம் மட்டும் இல்லை. ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டுச் சேவை வேண்டும்; 41 வயதுள்ள ஒருவருக்கு விடுபட்ட நான்கு ஆண்டுகள் பிற்காலத்தில் ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கலாம்.

பிடித்தம். இருப்பில் துணி குறைந்ததற்காகப் பிரிவில் உள்ள அனைவரிடமும் சமமாகப் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இழப்பு அந்தக் குறிப்பிட்ட பணியாளரின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும். அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பிடித்தங்களையும், மிகைநேரச் சம்பளத்தையும், மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். கோரிக்கை உண்மை என்று கண்டால், உரிய தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் கொடுக்கப்படவில்லை, குறைத்துக் கொடுக்கப்பட்டது என்று மனு செய்யும்போது, கொடுத்தாகிவிட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று அந்த நான்கு புதிய சட்டங்களில் ஒன்றான ஊதியத் தொகுப்பின் 59ஆம் பிரிவு கூறுகிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு வரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். பிப்ரவரி மாதத்தில் வேலை செய்த நாட்களுக்கான சம்பளமே இன்னும் வரவில்லை என்றால் அதையும் மனுவில் சேருங்கள். 13,000 ரூபாய் என்பது அந்தக் காலத்துக்குரிய குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையோடு ஒத்துப்போகிறதா என்பதையும் ஆண்டு வாரியாகப் பார்க்க வேண்டும்.

பணிநீக்கம். எழுத்தில் உத்தரவு தரப்படவில்லை என்பதால் 30 நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று வாதிட இடமிருக்கிறது. அந்த வாதத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். வாயால் சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு, அதற்குள் 41ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பாக, "இந்தத் தேதியில் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று இன்னார் கூறினார், நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று ஒரு கடிதம் எழுதிக் கடையின் முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே, "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வராமல் நின்றுவிட்டார்" என்று பதில் மனுவில் எழுதுவார்கள். இந்த ஒரு வரியை நான் பார்க்காத வழக்கே குறைவு. மருத்துவர் சீட்டின் நகலையும், அதைக் கொடுத்த தேதியையும் அந்தக் கடிதத்தில் சேருங்கள். ஸ்டூல் கேட்டதற்கும் வேலை போனதற்கும் இடையே உள்ள ஒரு வார இடைவெளி நமக்குச் சாதகமான சான்று.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் நேரில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.


பதில் – ஓய்வுபெற்ற ஆய்வாளர்

ஒரு சிறு குறிப்பு. வேலை போனதால் இ.எஸ்.ஐ. அட்டை செல்லாது என்று எண்ணி மருத்துவத்தை நிறுத்திவிடாதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆகவே உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் இந்த ஆண்டு முழுவதும் அவர் மருத்துவம் பெறலாம். அந்த மருந்தகத்தில் தொடர்ந்து பதிவாகும் சிகிச்சைக் குறிப்பும் வழக்குக்கு உதவும்.


கேட்டவர் – வில்லிவாக்கம் வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு புதிய செய்திகள்.

பில்லைத் தேடச் சொன்ன அம்மாவின் யோசனை பலித்தது. 2019இல் எங்கள் சித்தி மகளின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த புடவையின் பில் கிடைத்திருக்கிறது. அதில் 318 என்ற எண் இருக்கிறது. அது தன்னுடைய எண்தான் என்று அக்கா சொல்கிறார். ஆனால் எழுத்துகள் மிகவும் மங்கியிருக்கின்றன.

இரண்டாவது, நேற்றுக் கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். 15,000 ரூபாய் தருகிறோம், வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். "சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன், எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று தட்டச்சு செய்த கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால், வருவதை வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தான் நினைக்கிறார். வாங்கிக்கொண்டு பிறகு வழக்குப் போட முடியுமா?


பதில் – பழைய கவுண்டர்க்காரி

அத்தான் சொல்வதில் குறை காண முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எந்தச் சட்டமும் வந்து கட்டணம் கட்டப்போவதில்லை. ஆனாலும் தம்பி, வாயால் போகச் சொன்னவர்கள் இப்போது அழைத்துப் பணம் தருகிறார்கள் என்றால், அந்தக் கையெழுத்து அவர்களுக்கு 15,000 ரூபாயைவிட அதிகம் பெறும் என்று அர்த்தம். அக்காவைத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். மேல்மாடி அலுவலக அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த அறையில் மட்டும் நாற்காலி தாராளமாக இருக்கும்.


பதில் – தொழிலாளர் வழக்கறிஞர்

அந்தக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். தானாக விலகினார் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், நீக்கப்பட்டார் என்ற அடிப்படையே போய்விடுவதால் 41ஆம் பிரிவு மேல்முறையீடு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பாக்கி எதுவும் இல்லை என்ற வரி வேறு வகை. தனக்குச் சேர வேண்டிய தொகையை, போனஸ் உட்பட, விட்டுக்கொடுப்பதாகப் பணியாளர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று ஊதியத் தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதை வைத்து வாதாடி ஜெயிக்க நீங்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். இல்லாத சிக்கலை நாமே ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்?

பணத்தை வாங்குவதில் தவறில்லை. "பிப்ரவரி மாதச் சம்பளத்துக்காகவும் மற்ற பாக்கிகளில் ஒரு பகுதிக்காகவும், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று அக்கா தன் கைப்பட எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடட்டும். வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லுங்கள். கடையே கணக்கு எண்ணை வைத்திருக்கிறது. இந்த வாசகத்தை ஏற்க மறுத்தால் பணம் வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுங்கள். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். நீக்கவே இல்லை என்று பின்னால் சொல்வார்களானால், விலகல் கடிதத்தைக் கடையே தட்டச்சு செய்து அனுப்பியது ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பில்லைப் பற்றி. அந்த எண் அக்காவுடையது என்று அவர் சொன்னால் மட்டும் போதாது. அதே எண் அவர் பெயரோடு சேர்ந்து இருக்கும் இன்னொரு காகிதம் வேண்டும். 2022க்குப் பிந்தைய அடையாள அட்டை, ஊக்கத்தொகைச் சீட்டு, வேலை அட்டவணை எதிலாவது 318 என்று இருந்தால் போதும். கடையின் விற்பனைக் கணினியில் அந்த எண்ணுக்குரிய பதிவுகளையும், விரல் பதிவு இயந்திரத்தின் பதிவுகளையும் கொண்டுவந்து காட்ட உத்தரவிடுமாறு அதிகாரியிடம் தனி மனு கொடுக்கலாம். காட்ட மறுத்தால் அது அவர்களுக்கு எதிரான அனுமானத்துக்கு இடம் தரும்.

வெப்ப அச்சுத் தாள் என்பதால் அந்தப் பில் இன்னும் மங்கும். இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் மீது பிளாஸ்டிக் உறை ஒட்டாதீர்கள். சூடு பட்டால் முழுவதும் கறுத்துவிடும். மேல்முறையீட்டு மனுவுடன் நகலை மட்டும் இணைத்து, மூலத்தை விசாரணை அன்று கையில் கொண்டு போங்கள்.